படைவீரர் வீட்டில் நடக்கும் கொலைகள்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஃபயட்வில் நகரை ஒட்டி ஃபோர்ட் பிராக் ராணுவத் தளம் இருக்கிறது. பாராசூட் படையும் ராணுவத்தின் சிறப்புப் படைகளும் நிலைகொண்டிருக்கும் இடம் அது. 2002ஆம் ஆண்டு ஜூன் 11க்கும் ஜூலை 19க்கும் இடைப்பட்ட ஆறே வாரங்களுக்குள், அந்தத் தளத்தைச் சேர்ந்த நான்கு வீரர்களின் மனைவியர் கணவன் கையால் இறந்தார்கள். இருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொன்ற கணவர்கள் தங்களையும் சுட்டுக்கொண்டார்கள். ஒருவர் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்தார். அவரைக் கொன்றவர் விசாரணைக் கைதியாக இருந்தபோது மறு ஆண்டு சிறையில் தூக்கிட்டுக்கொண்டார். இன்னொருவர் கத்தியால் குத்தப்பட்டார், வீட்டுக்கும் தீ வைக்கப்பட்டது. அதே ஜூலையில் ஒரு மேஜர் தன் படுக்கையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மனைவியே குற்றவாளி என்று பின்னர் தீர்ப்பானது.

மனைவியைக் கொன்ற நால்வரில் மூவர் ஆப்கானிஸ்தானிலிருந்து அண்மையில் திரும்பியவர்கள். அதனால் நாடு முழுவதும் ஒரே விளக்கம் பரவியது: போர் இவர்கள் மனத்தைக் கலைத்துவிட்டது. வேறு சிலர் ஒரு மாத்திரையைச் சுட்டிக்காட்டினார்கள். ஆப்கானிஸ்தானுக்குச் சென்ற படையினருக்கு மலேரியா வராமலிருக்க லாரியம் என்ற பெயரில் விற்கப்பட்ட மெஃப்ளோகுவின் தரப்பட்டது. அது சிலரிடம் கெட்ட கனவு, பதற்றம், மனப்பிறழ்வு ஆகியவற்றை உண்டாக்கும் என்பது உண்மை. 2013இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அந்த மருந்தின் மீது மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிட வைத்தது.

ராணுவம் தொற்றுநோய் ஆய்வாளர்களையும் மனநல மருத்துவர்களையும் கொண்ட ஒரு குழுவை ஃபோர்ட் பிராக்குக்கு அனுப்பியது. 2002 நவம்பரில் வெளியான அதன் அறிக்கை, இந்தக் கொலைகள் அடுத்தடுத்து நிகழ்ந்ததற்கு மாத்திரை காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றது. அந்த மணவாழ்க்கைகளில் முன்பே இருந்த விரிசலும், நீண்ட பிரிவு தந்த அழுத்தமும்தான் அதன் கண்ணில் பட்டன. அதோடு இன்னொன்றையும் சொன்னது: உதவி கேட்டுப் போனால் பதவி உயர்வு போய்விடும், வேலையே போய்விடும் என்று வீரர்களும் குடும்பத்தாரும் நம்பியதால், ராணுவத்தின் மனநலச் சேவை இருந்தும் பயன்படவில்லை. நான்கு கொலைகளைப் பற்றிய எல்லாப் பேச்சிலும் இந்தக் கடைசி வரிதான் மிகக் குறைவாகப் பேசப்பட்டது. இந்த அத்தியாயத்துக்கு அதுவே முக்கியமானது.

எத்தனை வீடுகளில்?

இந்த வன்முறையை எண்ணுவதே கடினம். 1999 ஜனவரியில் சிபிஎஸ் தொலைக்காட்சியின் ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சி, ராணுவக் குடும்பங்களில் வன்முறை பொதுக் குடும்பங்களைவிட ஐந்து மடங்கு என்று சொல்லி நாட்டை அதிரவைத்தது. ஆனால் ராணுவம் எண்ணிய முறையும் பொதுச் சமூகத்தில் எண்ணப்பட்ட முறையும் வேறுவேறு. படையினர் பெரும்பாலும் இளைஞர்கள், பெரும்பாலும் ஆண்கள். எந்தச் சமூகத்திலும் வன்முறை அந்த வயதிலும் அந்தப் பாலிலும்தான் மிகுதி. அந்த வேறுபாட்டைக் கழிக்காமல் ஒப்பிட்டால் கிடைப்பது பாதி உண்மை.

அதைக் கழித்துப் பார்த்தவர்கள் ரிச்சர்ட் ஹேமன், பீட்டர் நைடிக் என்ற இரு உளவியலாளர்கள். அவர்களுடைய ஆய்வும் 1999இலேயே வெளிவந்தது. தள்ளுவது, அறைவது போன்ற மிதமான வன்முறையில் ராணுவத்தினருக்கும் மற்றவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அடித்து நொறுக்குவது, ஆயுதத்தைக் காட்டுவது போன்ற கடும் வன்முறையில்தான் இடைவெளி திறந்தது: பொதுச் சமூகத்தில் 0.7 சதவீதம், ராணுவத்தில் 2.5 சதவீதம். வன்முறை உள்ள வீடுகளின் எண்ணிக்கை அவ்வளவாக மாறவில்லை, வன்முறையின் ஆழம் மாறியது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். கொலையைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு இது ஆறுதல் தரும் செய்தி அல்ல.

ராணுவத்தின் சொந்தக் கணக்கிலும் ஓட்டைகள் இருந்தன. குடும்ப வன்முறைப் புகார்களைக் கையாள 1980களின் தொடக்கத்திலிருந்தே ஒரு குடும்ப நலத் திட்டம் இயங்கிவருகிறது. மணமாகாமல் சேர்ந்து வாழும் துணைவர்கள் 2006 வரை அதன் கணக்கில் தனிப் பிரிவாகக்கூட இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2015 முதல் 2019 வரையிலான நிதியாண்டுகளில் 40,000க்கும் மேற்பட்ட சம்பவங்களைக் குடும்ப வன்முறை என்று பாதுகாப்புத் துறை ஏற்றுக்கொண்டிருந்தது. அவற்றில் 74 சதவீதம் உடல்ரீதியான தாக்குதல். ஏற்கப்படாமல் தள்ளப்பட்ட புகார்கள் எத்தனை என்பதற்குச் சரியான பதிவே இல்லை என்பதையும் அதே அறிக்கை கண்டித்தது. எதை வன்முறை என்று ஏற்பது என்ற முடிவு ஒரு குழுவின் கையில் இருக்கும்போது, தள்ளப்பட்டவற்றின் எண்ணிக்கை தெரியாமல் ஏற்கப்பட்டவற்றை மட்டும் வைத்து எதையும் முழுமையாகச் சொல்லிவிட முடியாது.

கொலைக்கு முன்னால் என்ன நடக்கிறது

‘திடீரென்று ஆத்திரத்தில்’ என்பது கொலைச் செய்திகளில் தவறாமல் வரும் சொற்றொடர். ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் செவிலியர் கல்லூரிப் பேராசிரியர் ஜாக்குலின் கேம்பல் 1980களின் நடுவில் ஓர் ஆபத்து மதிப்பீட்டுப் படிவத்தை உருவாக்கினார். அடிபடும் பெண்ணின் முன்னால் ஒரு நாட்காட்டி வைக்கப்படும். கடந்த ஓராண்டில் எந்தெந்த நாளில் அடி விழுந்தது, எவ்வளவு பலமாக விழுந்தது என்று அவரே குறிக்க வேண்டும். பிறகு ஆம், இல்லை என்று பதில் சொல்லும் கேள்விகள். வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? கழுத்தை எப்போதாவது நெரித்தாரா? கொன்றுவிடுவேன் என்று மிரட்டினாரா? உங்கள் அன்றாட நடவடிக்கைகளையெல்லாம் அவர் கட்டுப்படுத்துகிறாரா? சில பெண்கள் நாட்காட்டியை நிரப்பி முடித்த பிறகுதான், அடிகள் நெருங்கி வருவதையும் கூடிக்கொண்டே போவதையும் முதல்முறையாகத் தங்கள் கண்ணாலேயே பார்க்கிறார்கள்.

கேம்பலும் உடன் ஆய்வாளர்களும் 11 அமெரிக்க நகரங்களில், துணைவரால் கொல்லப்பட்ட 220 பெண்களின் வாழ்க்கையை, அடிபட்டும் உயிரோடிருந்த 343 பெண்களின் வாழ்க்கையோடு ஒப்பிட்டார்கள். 2003இல் முடிவுகள் வெளிவந்தன. அடிப்பவர் கைக்குத் துப்பாக்கி எட்டினால் கொலை ஆபத்து ஐந்து மடங்கு கூடியது. எல்லாவற்றையும் தன் பிடியில் வைத்திருக்கும் ஒருவரை விட்டுப் பெண் பிரிந்து போனால் அது ஒன்பது மடங்கானது. கழுத்து நெரிப்பைப் பற்றி 2008இல் வந்த தொடர் ஆய்வு இன்னும் அச்சமூட்டுவது: ஒருமுறை நெரிக்கப்பட்டு உயிர் பிழைத்த பெண் பின்னர் அதே ஆளால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல். நெரித்த கழுத்தில் பல சமயம் தடம்கூட இருக்காது. அதனாலேயே காவலரும் மருத்துவரும் அதைச் சிறு தாக்குதலாக எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அடியைவிட ஆழமான ஒன்றைச் சமூகவியலாளர் இவான் ஸ்டார்க் 2007இல் வெளியிட்ட நூலில் விவரித்தார்: வற்புறுத்திக் கட்டுப்படுத்துதல். யாரோடு பேசலாம், எவ்வளவு பணம் செலவழிக்கலாம், எத்தனை மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் ஒருவர் முடிவெடுப்பதும், மீறினால் என்ன நடக்கும் என்ற அச்சத்திலேயே மற்றவர் வாழ்வதும்தான் அது. இங்கிலாந்து 2015இல் இதைத் தனிக் குற்றமாக்கியது. கொலையில் முடியும் பல உறவுகளில் கடைசி நாளுக்கு முன்னால் பல ஆண்டுகளாக இந்தப் பிடி இருக்கிறது. பெண் அதை உதறி வெளியேற முடிவெடுக்கும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம்.

கேம்பலின் 2003ஆம் ஆண்டு ஆய்வில் ராணுவத்தைப் புரிந்துகொள்ள உதவும் ஒரு முரண் இருக்கிறது. கொலையாளியின் சமூக நிலையில் மிக வலுவான ஆபத்துக் காரணி வேலையின்மை. ராணுவத்தில் வேலையில்லாத கணவர் கிடையாது. மாதச் சம்பளம் வருகிறது, வீடு கிடைக்கிறது, மருத்துவம் இலவசம், போதைப்பொருள் சோதனை உண்டு, தவறு செய்தால் தண்டிக்க மேலதிகாரி இருக்கிறார். இவ்வளவு காப்புகள் உள்ள ஒரு சமூகத்தில் வன்முறை மற்றவர்களைவிடக் குறைந்திருக்க வேண்டும். கடும் வன்முறை குறையவில்லை என்றால், அந்தக் காப்புகளின் பயனை வேறெதுவோ தின்றுவிடுகிறது.

ஒரே கைக்குள் எல்லாம்

படைவீரரின் மனைவி சராசரியாக இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறுகிறார். தாய்வீடு ஆயிரம் மைல் தள்ளி இருக்கும். ஒரு மாநிலத்தில் வாங்கிய ஆசிரியர் உரிமமோ செவிலியர் உரிமமோ அடுத்த மாநிலத்தில் செல்லாமல் போகலாம். 2021இல் பாதுகாப்புத் துறை நடத்திய கணக்கெடுப்பில், வேலை தேடும் ராணுவத் துணைவர்களில் 21 சதவீதத்தினருக்கு வேலை இல்லை. குடியிருப்பு, மருத்துவம், தளத்துக்குள் நுழையும் அடையாள அட்டை எல்லாமே கணவரின் பணியோடு பிணைந்தவை. வெளிநாட்டுத் தளங்களில் மணந்து அழைத்துவரப்பட்ட பெண்களுக்கு நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பமும் கணவர் கையெழுத்தில்தான் நகரும். கணவரின் தயவின்றித் தானே விண்ணப்பிக்கும் வழியை 1994ஆம் ஆண்டுச் சட்டம்தான் திறந்தது.

இப்படிப்பட்ட ஒரு பெண் புகார் சொல்ல நினைத்தால் யாரிடம் போவார்? குடும்ப நலத் திட்டத்தின் ஆலோசகரிடம் சொன்னால், அது கணவரின் கட்டளை அதிகாரிக்குப் போகும் என்பதே நெடுங்காலம் விதியாக இருந்தது. அதிகாரி கணவரை அழைத்து விசாரிப்பார். அன்று மாலை கணவர் வீடு திரும்புவார். மேலதிகாரிக்குத் தெரியாமல் உதவி மட்டும் பெறும் வழி 2006இல்தான் வந்தது. புகார் நிரூபணமாகிக் கணவர் பணிநீக்கம் செய்யப்பட்டால் சம்பளமும் வீடும் மருத்துவமும் ஒரே நாளில் போய்விடும். அப்படிப் போகும் குடும்பத்துக்குச் சில காலம் உதவித்தொகை தரும் ஏற்பாடு 1990களின் நடுவில்தான் உண்டானது. உண்மையைச் சொன்னால் குழந்தைகள் தெருவுக்கு வரும் என்று ஒரு பெண் அஞ்சினால் அது பேதைமை அல்ல. அந்த அமைப்பு போட்டுவைத்திருந்த கணக்கு அது.

கட்டளை அதிகாரியின் நிலையும் எளிதல்ல. நன்றாகப் போரிடும் ஒரு சார்ஜன்டை இழக்க அவருக்கு மனம் வராது. அந்த வீரரை அவர் ஆண்டுக்கணக்கில் அறிவார். மனைவியை விழாக்களில் மட்டும் பார்த்திருப்பார். அதே அதிகாரியே புலனாய்வைத் தொடங்குபவர், 2023 இறுதி வரை வழக்குத் தொடரலாமா என்று முடிவெடுத்தவர், பாதுகாப்பு ஆணை பிறப்பிப்பவர். வீரரின் ஆண்டு மதிப்பீட்டை எழுதுவதிலும் அவருக்குப் பங்குண்டு. ஒரு மனிதரிடம் இத்தனையையும் ஒப்படைத்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தராசு ஒரு பக்கம் சாயும்.

எல்லைக்கோடுகளும் பெண்களுக்கு எதிராகவே வேலை செய்தன. ராணுவ அதிகாரி தரும் பாதுகாப்பு ஆணையை ஊர்க் காவல்துறை நிறைவேற்ற முடியாது. ஊர் நீதிமன்றம் தந்த ஆணை தளத்தின் வாசலைத் தாண்டினால் செல்லாமல் இருந்தது. ஃபோர்ட் பிராக் கொலைகளுக்குப் பிறகு, 2002 டிசம்பரில் கையெழுத்தான சட்டம்தான் நீதிமன்ற ஆணைக்குத் தளத்துக்குள்ளும் அதே வலிமையைத் தந்தது.

கொலையுண்டவர் எப்போதும் மனைவி அல்ல. இங்கிலாந்தில் ஓர் அமெரிக்க விமானப்படை சார்ஜன்டும் ஜப்பானில் ஓர் அமெரிக்க ராணுவ அதிகாரியும் 1950களின் தொடக்கத்தில் மனைவியரால் கொல்லப்பட்டார்கள். இரு பெண்களுக்கும் ராணுவ நீதிமன்றங்கள் ஆயுள் தண்டனை விதித்தன. 1956இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. பிறகு வழக்கை மறுபடி கேட்டு, ராணுவத்தில் சேராத குடிமக்களை இத்தகைய மரண தண்டனைக்குரிய வழக்குகளில் ராணுவ நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று 1957இல் தன் முடிவையே மாற்றிக்கொண்டது. ரீட் எதிர் கவர்ட் என்ற அந்த வழக்கு குடிமக்கள் உரிமைகளின் பெருமைமிக்க தீர்ப்பாக இன்றும் படிக்கப்படுகிறது. ஆனால் அது விட்டுச்சென்ற வெற்றிடம் பெரிது. வெளிநாட்டுத் தளத்தில் குடும்பத்தினர் செய்யும் கடுங்குற்றத்தை அமெரிக்காவின் எந்த நீதிமன்றத்தில் விசாரிப்பது என்பதற்கு 2000ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை தெளிவான விடை இருக்கவில்லை.

போரின் பங்கு

போருக்குப் பங்கே இல்லை என்பதும் தவறு. பிரிட்டனில் ஏறத்தாழ 14,000 படையினரின் விவரங்களைக் குற்றப் பதிவேடுகளோடு இணைத்துப் பார்த்த லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வு 2013இல் வந்தது. 30 வயதுக்குட்பட்ட ஆண் படையினரில் 20.6 சதவீதத்தினர் மீது வன்முறைக் குற்றப் பதிவு இருந்தது. பொதுச் சமூகத்தில் அதே வயது ஆண்களிடம் அது 6.7 சதவீதம். நேரடிப் போர்ப் பணியில் இருந்தவர்களிடமும், திரும்பிய பின் மிதமிஞ்சிக் குடித்தவர்களிடமும், போரதிர்ச்சியின் விளைவாக எந்நேரமும் விழிப்பும் சீற்றமுமாக இருந்தவர்களிடமும் ஆபத்து கூடியது. ராணுவத்தில் சேரும் முன்பே வன்முறைப் பதிவு உள்ளவர்களிடமும் அது கூடியது.

வீரர் வெளியே இருக்கும் காலத்திலும் வீடு அமைதியாக இருப்பதில்லை. குழந்தைகள் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளான 1,771 அமெரிக்க ராணுவக் குடும்பங்களைப் பற்றிய 2007ஆம் ஆண்டு ஆய்வில், தந்தையோ தாயோ போர்முனையில் இருந்த காலத்தில் அத்தகைய சம்பவங்கள் 42 சதவீதம் கூடுதல். தனியாக விடப்பட்ட தாயின் களைப்புதான் அதில் பெரும்பாலும் தெரிகிறது.

ஆனால் போர் மட்டுமே காரணம் என்ற விளக்கம் எண்களின் முன் நிற்காது. 2001 அக்டோபருக்குப் பின் படையினரும் புதிதாக ஓய்வுபெற்றவர்களும் சம்பந்தப்பட்ட 150க்கும் மேற்பட்ட குடும்பக் கொலைகளையும் குழந்தைக் கொலைகளையும் ‘நியூ யார்க் டைம்ஸ்’ 2008இல் தொகுத்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியவர்கள்தான் ஈராக், ஆப்கானிஸ்தான் பணிகளுக்குச் சென்றவர்களாக உறுதியானது. ஃபோர்ட் பிராக் நால்வரிலும் ஒருவர் ஆப்கானிஸ்தானுக்குப் போகவே இல்லை. போரதிர்ச்சியால் அவதிப்படும் பெரும்பாலானோர் யாரையும் தாக்குவதில்லை. கொலையை அவர்கள் தலையில் கட்டுவது அவர்களுக்கும் அநீதி, இறந்த பெண்களுக்கும் அநீதி. மனநோய் என்று சொன்னவுடன், அதற்கு முன்பு எத்தனை பேர் எத்தனை எச்சரிக்கைகளைக் கண்டும் காணாமல் விட்டார்கள் என்ற கேள்வி மறைந்துவிடுகிறது.

துப்பாக்கியும் ஒரு பதிவேடும்

1996இல் நிறைவேறிய லாட்டன்பர்க் திருத்தம், குடும்ப வன்முறையில் சிறு குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்கூடத் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்றது. காவலருக்கும் படைவீரருக்கும் விலக்கு தரப்படவில்லை. துப்பாக்கி ஏந்த முடியாதவருக்கு ராணுவத்தில் இடம் இல்லை. ஆகவே ஒரு தண்டனை ஒரு தொழிலையே முடித்துவிடும். இதன் எதிர்விளைவையும் சொல்ல வேண்டும். ராணுவ நீதிமன்றத்துக்கு அனுப்பாமல், கட்டளை அதிகாரியே சம்பளப் பிடித்தம், பதவிக் குறைப்பு என்று தண்டித்து முடித்தால் அது சட்டப்படி குற்றத் தீர்ப்பு ஆகாது. துப்பாக்கித் தடையும் பொருந்தாது. பெண்ணைக் காக்க எழுதிய சட்டத்தைச் சுற்றி ஒரு குறுக்கு வழி அப்படியே கிடந்தது.

தீர்ப்பு வந்த பிறகும் தடை வேலை செய்யாமல் போகலாம் என்பதை டெக்சஸ் மாநிலத்தின் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் காட்டியது. அங்குள்ள தேவாலயத்தில் 2017 நவம்பர் 5 அன்று முன்னாள் விமானப்படை வீரர் ஒருவர் சுட்டதில், கருவிலிருந்த சிசுவையும் சேர்த்து 26 பேர் இறந்தார்கள். அவருடைய அப்போதைய மனைவியின் குடும்பத்தார் தொழும் தேவாலயம் அது. மனைவியின் பாட்டியும் இறந்தவர்களில் ஒருவர். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, முதல் மனைவியைத் தாக்கியதற்கும் அவருடைய கைக்குழந்தையின் மண்டை ஓட்டை உடைத்ததற்கும் ராணுவ நீதிமன்றம் அவருக்கு ஓராண்டுச் சிறை விதித்திருந்தது. சட்டப்படி அவர் துப்பாக்கி வாங்கியிருக்கவே முடியாது. விமானப்படை அவருடைய கைரேகையையும் தீர்ப்பையும் எஃப்பிஐ பதிவேட்டுக்கு அனுப்பவில்லை. கடைக்காரரின் கணினி ‘தடையில்லை’ என்றது. அந்தக் கொலைகளில் 60 சதவீதப் பொறுப்பு அரசுடையது என்று 2021இல் கூட்டாட்சி நீதிபதி தீர்த்தார். 2023இல் அரசு 14 கோடியே 45 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. ஒரு வீட்டுக்குள் நடந்த வன்முறை ஊரின் விவகாரம் அல்ல என்று நினைப்பவர்களுக்கு இந்த வழக்கு போதும்.

கை மாறிய அதிகாரம்

1999இன் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் பின் நாடாளுமன்றம் அமைத்த பணிக்குழு 2003 வரை இயங்கி, ஏறத்தாழ 200 பரிந்துரைகளைத் தந்தது. அதன் நடுநாயகமான வேண்டுகோள், ராணுவத்தின் பண்பாடே மாற வேண்டும் என்பது: வன்முறையைக் கணவன் மனைவிக்கிடையிலான பிணக்காகப் பார்க்காமல் குற்றமாகப் பார்க்க வேண்டும், பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்பை முதலில் வைக்க வேண்டும், அடித்தவரைப் பொறுப்பாக்க வேண்டும். ராணுவக் குற்றச் சட்டத்தில் குடும்ப வன்முறை தனிக் குற்றமாக இடம்பெற்றது 2019 ஜனவரி 1 அன்றுதான். அதுவரை அது பொதுவான தாக்குதல் வழக்குகளுக்குள் கரைந்து கிடந்தது. கொலை, பாலியல் வன்முறை ஆகியவற்றோடு குடும்ப வன்முறையிலும் வழக்குத் தொடரும் முடிவு 2023 டிசம்பர் இறுதியில் கட்டளை அதிகாரியிடமிருந்து எடுக்கப்பட்டு, அவருடைய அதிகாரத்துக்குக் கீழே வராத சிறப்பு வழக்கறிஞர்களிடம் தரப்பட்டது.

நெடுங்காலமாக மறுக்கப்பட்டு வந்த சீர்திருத்தம் இது. ஆனால் வழக்கறிஞரிடம் கோப்பு போவதற்கு முன்னால் நடப்பவற்றில் பல இன்னும் பழைய இடத்திலேயே இருக்கின்றன. ராணுவப் பாதுகாப்பு ஆணையைத் தருபவரும், கணவரைப் படைமுகாமுக்கு மாற்றி வீட்டை மனைவிக்கு விடுபவரும், ஆபத்து மதிப்பீட்டைப் பொருட்படுத்துபவரும் அல்லது ஒதுக்குபவரும் அதே கட்டளை அதிகாரிதான். கழுத்து நெரிப்புக்கும் கொலை மிரட்டலுக்கும் பிறகு வரும் முதல் சில நாட்களில்தான் உயிர் போகிறது அல்லது பிழைக்கிறது. அந்த நாட்களின் முடிவுகளையும் அவர் கையிலிருந்து எடுக்காதவரை, செய்யப்பட்டது பாதிச் சீர்திருத்தமே.